ஒருமுறை கூப்பிட்டவர்கள்

செந்தரையில் யாரும் யாரையும் ஒரு தடவை மட்டும் கூப்பிடுவதில்லை. பூமியிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருக்கும். "ரூத், ரூத்", "அண்ணே, அண்ணே", "கதவு, கதவு" என்று எல்லாவற்றையும் இரட்டையாகச் சொல்கிற ஊர். செவ்வாயில் மின்சாரம் தண்ணீரைவிட அருமை. இடுப்பில் தொங்கும் பேசும் கருவிகூட, யாரும் பேசாத நேரத்தில் தூங்கிவிடும். ஏதாவது ஒரு சத்தம் வந்தால்தான் விழிக்கும். விழிக்க வைத்த அந்தச் சத்தம் மட்டும் விழிக்கிற அவசரத்தில் தொலைந்துபோகும். ஆகவே முதல் கூப்பாடு எழுப்புவதற்கு, இரண்டாவதுதான் செய்தி. கருவிக்காக வந்த பழக்கம் நாளடைவில் வாயிலும் ஒட்டிக்கொண்டது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் "உப்பு, உப்பு" என்று கேட்டார்கள். சண்டையில் முதல் வசவு யாருக்கும் உறைக்காது என்று ஊர்க்காரர் பேச்சிமுத்து சொல்வார்.

எஸ்தர் அந்த ஊருக்கு உறக்கத்தை எழுதிக் கொடுத்தவள். குடியிருப்பின் பெரிய கணினிக்கும், வயர் வழியாக அதனோடு பேசும் கருவிகளுக்கும் நடுவில் ஒரு சின்ன நிரல் நிற்கும். டிரைவர் என்பார்கள். கணினி தூங்கப் போகும்போது எந்தக் கதவைச் சாத்துவது, எதை ஒருக்களித்து வைப்பது, யார் வந்து தட்டினால் எழுப்புவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. பூமியில் அது ஒரு சில்லறை வேலை. செவ்வாயில் அதுதான் உயிர்.

ஏனென்றால் புயல் வரும். சாதாரணப் புயல் அல்ல. கிரகத்தையே மூடுகிற தூசி. வானம் மாதக்கணக்கில் பழுப்பாகத் தொங்கும். சூரியத் தகடுகள் பெயருக்கு ஏதோ கொஞ்சம் மின்சாரம் தரும். அத்தனை பேருக்கும் அதை வைத்துக்கொண்டு சூடும் காற்றும் கொடுக்க முடியாது. அதனால் ஊரே தூங்கிவிடும். மனிதர்களை மருந்தேற்றிக் குளிர்வித்து உறக்கக் கலங்களில் படுக்க வைப்பார்கள். கணினியையும் தூங்க வைப்பார்கள். ஒவ்வொரு கலத்திலிருந்தும் பழைய பாணி சீரியல் வயர் ஒன்று கணினிக்குப் போகும். பழையதுதான், ஆனால் எதையும் தாங்கும். அந்த வயருக்குள் ஓர் இழை மட்டும் தூங்காது. ரிங் இழை. கலத்தில் கோளாறு என்றால் அது துடிக்கும், கணினி விழித்து விசாரிக்கும், மறுபடி தூங்கும்.

காவலுக்கு இரண்டே பேர் விழித்திருப்பார்கள். இருக்கிற காற்று இரண்டு பேருக்குத்தான் போதும். இந்தப் புயலுக்கு எஸ்தரும் பேச்சிமுத்துவும். அவர் பாறை ஆராய்கிறவர், பாளையங்கோட்டைக்காரர்.

எஸ்தருக்கு அந்தக் கூடத்துக்குள் போகவே பிடிக்காது. வரிசை வரிசையாகக் கலங்கள், உறைபனி படிந்த மூடிகள், ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. ஊர்க்காரர்கள் அவற்றைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். அவளுடைய அக்கா ரூத் அந்தச் சொல்லைக் கேட்டாலே சீறுவாள். ரூத்தான் ஊருக்கு மருத்துவர். உறக்க மருந்தும் எழுப்பும் மருந்தும் அவள் கைப்பக்குவம். இப்போது அவளும் ஓரத்துக் கலம் ஒன்றில் படுத்திருந்தாள்.

அன்றைக்கு எஸ்தர் கூடத்துக்குள் போனதற்குக் காரணம் மின்கசிவு. மின்சேமிப்பு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. தன்னுடைய டிரைவர் ஏதாவது ஒரு வயரைத் தூங்க வைக்க மறந்துவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றை ஒவ்வொரு ரிங் இழையிலும் கவ்வவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாம் இருட்டாகவே இருந்தன. ரூத்தின் வயரில் மாட்டி, கையுறையைச் சரிசெய்வதற்காகக் குனிந்தபோது விளக்கு மின்னியது.

ஒரே ஒரு தடவை.

"அண்ணே, அண்ணே. கொஞ்சம் வாங்களேன்."

பேச்சிமுத்து போர்வையோடு வந்தார். அவர் அந்தப் போர்வையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"என்ன தாயி? பாட்டரி ஒழுகுதா?"

"அக்கா வயர் துடிச்சுது."

"ரெட்டையா?"

"ஒத்தை."

"அப்ப தூசி." அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார். "வெளிய மணலு ஒராயுதுல்லா, அந்தக் கரண்டு வயருல ஏறுது. நீதான எங்களுக்கு வகுப்பு எடுத்த? ஒத்தை அடி வந்தா சத்தம், ரெட்டை அடி வந்தா சேதி. மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. போன புயலில் அவள் கலத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்துவும் மோசஸும் காவல். ரிங் இழைகள் சும்மா சும்மா துடிக்க, கணினி சும்மா சும்மா விழித்து, 'என்ன?' என்று கேட்க, கலங்கள் 'ஒன்றுமில்லை, உடம்பு நலம், சூடு சரி' என்று பதில் சொல்லி, அப்படியே சேமிப்பு முழுக்கக் கரைந்துபோனது. புயல் முடிந்தபோது காவல்காரர்கள் இருவரும் ஒரே கோட்டுக்குள் ஒண்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் எஸ்தர் டிரைவரை மாற்றி எழுதினாள். அடுத்தடுத்து இரண்டு துடிப்பு வந்தால் மட்டும் எழுப்பு. ஒன்று மட்டும் வந்தால் விட்டுவிடு. கலம் பழுதானால் அது இரண்டு தடவை துடிக்கும்படி செய்தாயிற்று. யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை. அவசரம் என்றால் இரண்டு தடவை கூப்பிடாத ஆள் செந்தரையில் உண்டா?

"அண்ணே, இந்தக் கூடம் மண்ணுக்கு அடியில இருக்கு. மணல் எங்க உராயும்?"

பேச்சிமுத்து நின்றார்.

"வேற என்னமாவது இருக்கும். கையுறை சுருங்கியிருக்கும்."

கலத்துக்குள் இருப்பவர் கையில் ஒரு கையுறை மாட்டியிருக்கும். யாருக்காவது இடையில் விழிப்பு வந்துவிட்டால் விரலை அழுத்தினால் போதும். ரிங் இழை துடிக்கும். அந்த வசதியை யாரும் பயன்படுத்தியதே இல்லை என்பதில் ஊருக்கே ஒரு பெருமை. விழித்தெழுந்த அத்தனை பேரும் சொல்வது ஒன்றுதான்: நல்ல தூக்கம்.

எஸ்தர் ரூத்தின் கலத்தருகே உட்கார்ந்தாள். எழுப்பும்போது முதலில் சூடாக்குவது உள்ளங்கையைத்தான். அதற்கான தகடு கையுறைக்குள்ளேயே இருந்தது. கணினியை எழுப்பாமல், தன் கையிலிருந்த சின்ன மின்கலத்தை அதே வயரில் தொட்டு எடுத்தாள். ஒரு கணம் மட்டும் ரூத்தின் உள்ளங்கையில் இளஞ்சூடு பரவியிருக்கும். வேறொன்றுமில்லை.

"என்ன பண்ணுத?"

"தூசியா இருந்தா இதுக்குப் பதில் சொல்லாது."

இருவரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து ஏதோ கேலி பேச வாயெடுத்தார். விளக்கு மின்னியது.

"தற்செயலா இருக்கும்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவள் மறுபடி தொட்டாள். இந்தத் தடவை வெகுநேரம் ஆயிற்று. அந்த விரலை அசைக்க உள்ளே என்னென்ன பாடு பட வேண்டியிருந்ததோ. விளக்கு மின்னியது.

எஸ்தர் எழுந்தாள். பனி படிந்த மூடியைக் கையால் துடைத்தாள். உள்ளே ரூத்தின் முகம், கண் மூடி, சாந்தமாக, செதுக்கி வைத்ததுபோல இருந்தது. அதைவிடப் பயங்கரமான ஒன்றை அவள் பார்த்ததில்லை.

"அக்கா முழிச்சிருக்கா," என்றாள். "உள்ள முழிச்சிருக்கா அண்ணே."

கசிவு பார்க்க வைத்திருந்த விளக்குகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, எல்லா வயரிலும் ஒவ்வொன்றாக மாட்டினார்கள். பேச்சிமுத்துவின் போர்வை எங்கோ நழுவி விழுந்திருந்தது, அவர் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் இருவரும் கூடத்தின் நடுவில் சுவரோடு சாய்ந்து நின்றார்கள்.

கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு மூலையில் ஒன்று மின்னி அணைந்தது. அப்புறம் எதிர் வரிசையில். அப்புறம் காலடிக்குப் பக்கத்தில். மின்மினிகள்போல, அங்கொன்றும் இங்கொன்றுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல், எந்த விளக்கும் உடனே இரண்டாவது தடவை மின்னாமல். அந்த மருந்துக்குள் கிடப்பவனுக்கு ஒரு தடவை அழுத்தத்தான் பலம் இருந்தது. அடுத்ததற்கு வெகுநேரம் முயல வேண்டும். அந்த இரண்டாவதையும் எஸ்தரின் டிரைவர் முதலாவதாகத்தான் எண்ணும்.

"மாதாவே," என்றார் பேச்சிமுத்து. அவர் கிறிஸ்தவர்கூட அல்ல.

*

"எழுப்பணும். அக்காவை மட்டுமாவது எழுப்பணும்."

"எழுப்பிட்டு? காத்து ரெண்டு பேருக்குத்தான் தாயி. மூணாவது ஆளு என்னத்த குடிப்பா?"

"அப்ப நான் உள்ள போறேன்."

யோசிப்பதற்கு முன்பே அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. பேச்சிமுத்து அவளைப் பார்த்தார். அவள் விளக்குகளைப் பார்த்தாள். சொன்னதை அப்போதே திரும்ப வாங்கியிருக்கலாம். ஆனால் ரூத்தின் விளக்கு அந்த நேரம் பார்த்து மின்னியது.

எழுப்பும் மருந்தை ஏற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். உள்ளங்கை, பிறகு நெஞ்சு, பிறகு கால்கள். மூடி திறந்தது. ரூத் இருமினாள், கண்ணைத் திறந்தாள், தங்கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏட்டி, அதுக்குள்ள முடிஞ்சிட்டா? நல்ல தூக்கம்."

எஸ்தர் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

ரூத்துக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. கையில் சுக்குக் காப்பி ஆறிப்போயிருந்தது. கடைசியில், "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல," என்றாள்.

"உன் விளக்கு நாலு தடவை மின்னிச்சு. நான் சூடு காட்டினேன், நீ பதில் சொன்ன."

"நானா?"

"வேற யாரு?"

ரூத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோல.

"எழுப்புத மருந்துல ஒண்ணு சேர்த்திருக்கேன்," என்றாள் மெதுவாக. "கலத்துக்குள்ள நடந்ததைத் துடைச்சிடும். குளிர் ஏறும்போது, இறங்கும்போது நரம்பெல்லாம் வலிக்கும். அது யாருக்கும் நெனப்புல நிக்கக் கூடாதுன்னுதான்."

"அப்ப வலிக்கும்னு தெரியும்."

"உடம்புக்கு வலிக்கும்னு தெரியும். ஆளுக்கு வலிக்கும்னு நெனைக்கல." அவள் கையை மடியில் இறக்கினாள். "எழும்பின எல்லார்ட்டயும் கேட்டேன் எஸ்தர், எப்படி இருந்துச்சுன்னு. நல்லா இருந்துச்சுன்னுதான் சொன்னாங்க."

"துடைச்சிட்டுக் கேட்டிருக்க."

எஸ்தருக்கே அந்தக் கோபம் தன்மீதுதான் என்று தெரிந்திருந்தது. "என் டிரைவரும் அதையேதான் செய்யுது," என்றாள். "தூங்கப் போறதுக்கு முன்னாடி வயர் எப்படி இருந்துச்சுன்னு குறிச்சு வச்சிக்கும். முழிச்சதும் அதே மாதிரி மாத்தி வச்சிடும். நடுவுல வந்ததை எல்லாம் கொட்டிடும். சுத்தமான தூக்கம்னு என்னைப் பாராட்டினாங்க."

பேச்சிமுத்து தரையைப் பார்த்தபடி, "நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய," என்றார். "நெனப்பே இல்லாத வலி வலியா? அவன் எந்திரிப்பான், சிரிப்பான், பிள்ளைய தூக்குவான், சோத்தத் திம்பான். அவனுக்கு என்ன நட்டம்?"

"அந்த ஆளு அப்புறம் வரப்போறவன் அண்ணே. இப்ப உள்ள கிடக்கறவனுக்கு அவனைத் தெரியாது."

பேச்சிமுத்து வேறெதையோ சொல்ல வந்து தயங்குவது தெரிந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"போன புயல்ல மிஷினு சும்மா சும்மா முழிச்சதுன்னு சொன்னேன்லா. எல்லா வயரும்தான். ஆனா ஒரு வயரு ரொம்ப மோசம். நானும் மோசஸும் அதுக்குப் பேரே வச்சிருந்தோம், தொணதொணப்புன்னு." அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "அது உன் வயரு."

எஸ்தர் உட்கார்ந்தாள். எழுந்து நின்றுகொண்டிருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போன புயலை நினைவில் துழாவிப் பார்த்தாள். ரூத் ஊசி போட்டது, கண் மூடியது, கண் திறந்தது, பசித்தது. நடுவில் ஒரு வெள்ளைச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒருத்தி மாதக்கணக்கில் இருட்டில் கிடந்து கூப்பிட்டிருக்கிறாள். எழுந்து வந்து, அவளுடைய வாயையே அடைக்கிற நிரலை எழுதிக் கொடுத்திருக்கிறாள் இவள்.

"இன்னும் ஆழமா தூங்க வைக்க முடியாதா?"

"இந்தக் குளிர்ல இன்னொரு மருந்து ஏத்தினா எழும்பவே மாட்டாங்க," என்றாள் ரூத். "என்னை மறுபடியும் உள்ள வைக்கவும் முடியாது. ஒரு புயலுக்கு ஒரு தடவைதான் உடம்பு தாங்கும்."

"நான் போறேன் தாயி," என்றார் பேச்சிமுத்து. "நான்தான் அத தூசின்னு முதல்ல சொன்னது."

"இல்ல. அக்காவை எழுப்பணும்னு சொன்னது நான். வயரோட பழக்கம்..." அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "பழக்கம் எனக்கு அதிகம்."

அது வீரமெல்லாம் இல்லை. பயத்தில் அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவருக்குக் கல்யாணம் ஆகும் வயதில் ஒரு மகள் நான்காவது வரிசையில் கிடந்தாள். அந்த விளக்கு இருக்கும் பக்கம் அவர் அதுவரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை எஸ்தர் கவனித்திருந்தாள்.

*

இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஒன்று செய்ய முடிந்தது. எல்லோரையும் எழுப்ப முடியாது. ஆனால் பதில் சொல்ல முடியும். கணினி வழியாகச் சொன்னால் அது ஒவ்வொரு தடவையும் விழிக்கும், சேமிப்பு தீரும். அவசர வானொலியில் கையால் சுற்றி மின்சாரம் எடுக்கும் டைனமோ ஒன்று இருந்தது. எஸ்தர் அதைப் பிரித்தெடுத்து, எல்லாக் கலங்களின் வயர்களுக்கும் பொதுவாக ஒரு பலகையில் பொருத்தினாள். எந்த விளக்கு மின்னுகிறதோ அந்தக் குமிழைத் திருப்பி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். உறைந்து கிடக்கிற தகட்டில் ஓர் இளஞ்சூடு ஏறுவதற்கே நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தது. கைப்பிடி இரும்பு, குளிரில் தொட்டாலே பிடித்து இழுத்தது.

முதலில் பேச்சிமுத்துவின் மகளுக்கு. அவர்தான் சுற்றினார். சுற்றி முடித்து, மூச்சு வாங்க விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அது மின்னவில்லை. நெடுநேரம் மின்னவில்லை.

"என்ன ஆச்சு? ஏன் சும்மா இருக்கா?" அவர் கைப்பிடியை மறுபடி பற்றினார்.

"கூப்பிடுறதை நிறுத்திட்டா அண்ணே. யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சிட்டுல்ல."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூவரும் நம்பினார்கள். மற்ற கலங்களிலும் அப்படியே நடந்தது. பதில் போனதும் விளக்கு வெகுநேரம் அமைதியாகக் கிடந்தது. பிறகு மறுபடி ஒரு மின்னல், இருக்கிறீர்களா என்று கேட்பதுபோல.

"எத்தனை பேருக்கு இப்படிச் சுத்துவீங்க?" என்றாள் எஸ்தர். "கை தாங்காது."

"வேற சோலி என்ன இருக்கு எங்களுக்கு?" என்றார் பேச்சிமுத்து. "பாறையெல்லாம் எங்கயும் ஓடிராது."

காற்று மானியின் முள் சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. மூவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற குடியிருப்பு அது. எஸ்தர் அக்கா காலிசெய்த கலத்தில் ஏறிப் படுத்தாள். பட்டை பூட்டும்போது அவள் கால்கள் தாமாகவே உதைத்தன. ரூத் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு வேண்டாம்."

"தெரியும்ட்டி."

"நான் உள்ள இருக்கும்போது... உனக்குச் சலிப்பா இருந்தாலும், வேற வேலை இருந்தாலும்..."

"தெரியும்."

"நான் ரொம்பக் கூப்பிடுவேன். போன தடவையும் ரொம்பக் கூப்பிட்டிருக்கேன்."

"கூப்பிடு," என்றாள் ரூத். ஊசியைப் பிடித்திருந்த அவள் கை எப்போதும்போல ஆடாமல் இருந்தது. செந்தரையிலேயே ஆடாத கை அது. அறுவைக்கும் தையலுக்கும் ஊர் அந்தக் கையைத்தான் நம்பியிருந்தது. "எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடு."

பேச்சிமுத்து தலைமாட்டில் நின்றுகொண்டு, "தொணதொணப்பு," என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது. மருந்து ஏறியது. உதடு முதலில் மரத்தது, பிறகு கழுத்து. மூடி இறங்கும்போது அவள் அதைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். கை எழவில்லை.

*

உள்ளங்கை சுட்டது. பிறகு நெஞ்சு. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. யாரோ முதுகைத் தாங்கி நிமிர்த்தினார்கள். இருமல் வந்தது.

"நல்ல தூக்கம்," என்றது எஸ்தரின் வாய்.

அதைக் கேட்டு அவளே உறைந்துபோனாள்.

தாங்கிப் பிடித்திருந்தவன் மோசஸ். "புயல் முடிஞ்சிட்டு. நீங்கதான் கடைசி," என்றான் உற்சாகமாக. "வாங்க, வாங்க. எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துல இருக்காங்க. சூரியன் தெரியுது."

அவள் உள்ளே துழாவினாள். ஊசி. அக்காவின் கை. எழாத கை. பிறகு வெளிச்சம். நடுவில் அதே வெள்ளைச் சுவர். அங்கே தான் இருந்தாளா, கூப்பிட்டாளா, யாராவது வந்தார்களா, வராமலே போனார்களா? அந்தப் பெண்ணை அவளால் எட்டவே முடியவில்லை.

சாப்பாட்டுக் கூடம் இரைச்சலாக இருந்தது. மெலிந்த முகங்கள், சிரிப்பு, பாத்திரச் சத்தம். இப்படித் தூங்கி எத்தனை நாளாச்சு என்று ஒருவர் சோம்பல் முறித்துக்கொண்டே சொன்னார். வாசலருகே ரூத் சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டிருந்தாள். கண்கள் குழிவிழுந்திருந்தன.

"அக்கா." எஸ்தர் அவளருகே போனாள். "நான் கூப்பிட்டேனா?"

"இல்லட்டி," என்றாள் ரூத் உடனே. "ஆரம்பத்துல ஒரு தடவை. அப்புறம் இல்ல. நிஜமாவே தூங்கிட்ட. எல்லாரும் தூங்கிட்டாங்க. நாங்கதான் வேலையில்லாம உக்காந்திருந்தோம்."

எஸ்தருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. அதை நம்ப வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. மேசையின் அந்தக் கோடியில் பேச்சிமுத்துவைப் பார்த்தாள். அவருடைய மகள் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

டம்ளரை அவர் விரல்களால் பிடித்திருக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் இடுக்கி, குனிந்து, வாயை அதனிடம் கொண்டுபோனார். நிமிர்ந்தபோது எஸ்தரைப் பார்த்தார். கைகளைச் சட்டென்று மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். உள்ளங்கைத் தோல் உரிந்து, காய்ந்து, அதன் மேலேயே மறுபடி உரிந்து, இரும்புக் கைப்பிடியின் வளைவு அப்படியே பதிந்து, விரல்கள் பாதி மூடிய நிலையிலேயே நின்றுபோன கைகள்.

அவள் ரூத்தின் பக்கம் திரும்பினாள். கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அக்காவின் வலது கையை மெதுவாக வெளியே எடுத்தாள். ரூத் தடுக்கவில்லை. துணி சுற்றியிருந்தது. துணிக்குள் அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ரூத் மறு கையால் பிடித்தும் அது நிற்கவில்லை.

"இங்க வேண்டாம்," என்றாள் ரூத். "அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் சொல்லுவோம்."

"எவ்வளவு கூப்பிட்டேன்?"

ரூத் கூடத்தைப் பார்த்தாள். யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிச் சன்னலில் சூரியனைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த புயல்ல என்னை உள்ள வைப்பாங்க," என்றாள். அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. "நீ வெளிய இரு, ஏட்டி."